வராதவர்களின் பட்டியல்

1

போன செவ்வாய்க்கிழமை மதியம் சிங்கப்பூரிலிருந்து மகள் நித்யா கூப்பிட்டாள். புது வேலைக்காக மருத்துவப் பரிசோதனைப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறாளாம்.

"மா, தாத்தா எதுல இறந்தாரு? ஃபாரம்ல கேக்குறாங்க."

"எந்தத் தாத்தா?"

"உங்க சைடு. அப்பா சைடு எனக்குத் தெரியும்."

"ரத்தக் கொதிப்பு. கடைசியில பக்கவாதம்."

"பக்கவாதம்னா?"

"ஸ்ட்ரோக்."

"ஓகே மா, தேங்க்ஸ். மீட்டிங் இருக்கு லா, அப்புறம் கூப்பிடுறேன்."

என் அப்பாவை அவள் இரண்டே முறை பார்த்திருக்கிறாள். அவரை ஒரு கட்டத்துக்குள் ஒரே சொல்லாக எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. மலேசியாவில் குளுவாங்கில் பிறந்து, எல்லை தாண்டி வேலை பார்க்கும் பெண்ணுக்கு மானாமதுரைப் பக்கத்துத் தாத்தா ஒரு படிவத்துக் கேள்விதான். ஈரக் கையோடு சமையலறையில் நின்றபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. இங்கே கோவிந்தன் என்பவரின் ஒரு காலை வெட்டி எடுத்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். ஊரில் இருப்பவர்களுக்கு நான் இதுவரை இதை எழுதியதில்லை. எழுதுமளவுக்குத் தெம்பு இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

2

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். காலை எட்டு மணிக்குப் பையைத் தோளில் மாட்டினால் நான்கு ஊர் நடந்துவிட்டுத்தான் துணைச் சுகாதார நிலையத்துக்குத் திரும்புவேன். அரசாங்க வேலையை விட்டுவிட்டு மலேசியாக்காரரைக் கட்டிக்கொண்டு போகிறாளே என்று உறவில் பலர் அங்கலாய்த்தார்கள். அங்கேயும் நர்ஸ் வேலை கிடைக்கும் என்று நான் நம்பினேன். இவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

வந்த இரண்டாம் வருடம் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அலையத் தொடங்கினோம். ஒரு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். கொண்டு போனால், மொழிபெயர்த்தவரின் முத்திரை செல்லாது என்றார்கள். அதையும் சரிசெய்து போனபோது ஒரு பெண் அதிகாரி, ரொம்பப் பணிவாக, என் படிப்பு இந்த நாட்டுக் கணக்கில் நர்ஸ் படிப்பே இல்லை என்று சொன்னார். கதவைத் தட்டி, கர்ப்பிணிக்கு ரத்தசோகை பார்த்து, பெரியவருக்கு மாத்திரை கொடுத்து, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் வேலைக்கு இங்கே சரியான பெயர் இல்லை. அதற்கப்புறம் நான் சான்றிதழை எடுக்கவில்லை. விசா புதுப்பிப்பதற்கும், பல வருடம் கழித்து நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வாங்குவதற்கும் நின்ற வரிசைகளே போதுமென்று ஆகிவிட்டது. ஒரு பாலர் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறேன்.

மலாய் மொழி மெதுவாக வந்தது. முதல் வருடம் கிளினிக்கில் ஒரு தாதி என்னிடம் 'காக்கி'யைப் பற்றிக் கேட்டார். போலீஸ்காரர் யாரையாவது விசாரிக்கிறாரோ என்று பயந்து, எங்கள் குடும்பத்தில் யாரும் போலீசில் இல்லை என்று கையை ஆட்டினேன். மலாயில் காக்கி என்றால் கால். பிரசவத்துக்குப் பிறகு கால் வீக்கம் வடிந்ததா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

தமிழிலும் வழுக்கி விழுந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

3

இந்த நாட்டு அரசாங்கக் கிளினிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தரை பளபளவென்று இருக்கும். மருந்து கிட்டத்தட்ட இலவசம். ரத்தம், கண், கால், சிறுநீரகம் எல்லாவற்றையும் முறையாகப் பார்ப்பார்கள். ஆனால் நாம்தான் போக வேண்டும். விடியலில் போய் நம்பர் எடுக்க வேண்டும். போகாதவரை அது தேடி வராது.

எனக்கும் ரத்த அழுத்தம் வந்து மாதாமாதம் போய் உட்காரத் தொடங்கிய காலத்தில், பக்கத்தில் இருந்த ஒரு வயதான தம்பதிக்கு மருந்துச் சீட்டை விளக்கிச் சொன்னேன். காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்பதை அவர்கள் தலைகீழாக மூன்று மாதம் சாப்பிட்டிருந்தார்கள். இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மிஸ்ஸி ரொஸ்னா. இங்கே தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்கும் மலாய்க்காரர், முட்டிவலியோடு நடப்பவர், 'வாங்க', 'சாப்டாச்சா' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டே பாதிக் கிளினிக்கைச் சமாளிப்பவர். நான் ஊரில் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு தாளோடு வந்தார். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு என்று பதிவாகி, பிறகு ஆறு மாதத்துக்கு மேல் கிளினிக் பக்கமே வராதவர்களின் பட்டியல். அதில் தமிழ்ப் பெயர்கள் நிறைய. தொலைபேசியில் கூப்பிட்டால் எண் மாறியிருக்கிறது. கடிதம் போட்டால் பதில் இல்லை. கிளினிக்குக்கு ஊர்மக்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது, நீங்கள் சேர்கிறீர்களா என்று கேட்டார். சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் கிடையாது, ஒரு பனியன் தருவோம் என்றார்.

நான் சேர்ந்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபது வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் என் கையில் பெயர்கள் எழுதிய தாளைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

முதல் வீட்டிலேயே வழுக்கினேன். கதவைத் திறந்த அம்மாவிடம், "உங்களுக்குச் சர்க்கரை இருக்காம்மா?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "சர்க்கரை இல்லீங்க, சீனிதான் இருக்கு. எவ்ளோ வேணும்?" என்றார். வியாதியைத்தான் கேட்கிறேன் என்று புரியவைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அலமாக், இனிப்பு நீரான்னு கேக்க வேண்டியதுதானே!" ஊரில் ஆறு வருடம் கேட்ட கேள்வியை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

4

பட்டியலில் பதினோராவது பெயர் கோவிந்தன். ஊருக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் ஒன்று அவருடையது. முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். தோள்பட்டை போனதும் ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா, அதாவது காவல் வேலைக்குச் சேர்ந்தார்.

முதல் இரண்டு முறை போனபோது அவர் மனைவிதான் கதவைப் பாதி திறந்து, "அவரு இல்லைங்க" என்றார். உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. நான் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை மாலை ஐந்து மணிக்குப் போனேன். வேலைக்குக் கிளம்ப பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"கிளினிக்லேர்ந்து வர்றீங்களா?"

"கிளினிக் அனுப்பிச்சது. நான் பக்கத்து ஊருதான்."

"பேச்சு இந்தியாப் பேச்சா இருக்கே."

"வந்து இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே."

அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "இங்க பாரும்மா. காலையில ஏழு மணிக்கு ஜாகா முடிச்சிட்டு வர்றேன். உங்க கிளினிக்குக்குப் போயி நம்பர் எடுத்தா பன்னெண்டு மணி. மருந்துக்கு இன்னொரு நம்பர். ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தா எப்ப தூங்குறது? அஞ்சு மணிக்கு மறுபடியும் கெளம்பணும். பஸ்ஸும் இப்ப இந்தப் பக்கம் வர்றதில்ல."

"மாத்திரை எடுக்குறீங்களா?"

"இருந்தப்ப எடுத்தேன். கடைசியா போனப்ப அந்த டாக்டர் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும் லா, எல்லாரு முன்னாலயும் ஏசிட்டா. ஏன் லேட்டா வந்தீங்க, உயிர் மேல ஆசை இல்லையான்னு. நான் ஏன் போவணும்?"

அவர் எழுந்தபோது இடது காலை ஊன்றாமல் எழுந்தார். ஈரத்தோல் அழுகும் ஒரு வாடை லேசாக வந்தது. எனக்கு அந்த வாடை தெரியும்.

"அண்ணே, அந்தப் பூட்ஸை ஒரு நிமிஷம் கழட்டுங்க."

"வேலைக்கு நேரமாச்சு."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி கதவருகே நின்றிருந்தார். எப்போதிலிருந்து புண் என்று கேட்டேன். அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்தபடி, "என்கிட்டயும் காட்ட மாட்டாரு. சாக்சை அவரே தொவச்சிக்கிறாரு" என்றார்.

5

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் வீடு திரும்பும்போது எனக்கு உறுத்தியது. பட்டியலில் இருந்த பலரும் இதையேதான் வேறு வேறு வாயால் சொன்னார்கள். பேரப்பிள்ளையை யாரிடம் விட்டு வருவது, வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போகும், பஸ் இல்லை. மிஸ்ஸி ரொஸ்னாவிடம் சொன்னேன். இவர்கள் வரமாட்டார்கள், நாம் போகலாம். மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் உட்காரலாம். அவர் உடனே சரி என்றார். மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்றார். எழுதினார். என் பெயரில் ஒரு கடிதம், கிளினிக் பெயரில் ஒரு கடிதம், இடம் கொடுப்பவரின் சம்மதக் கடிதம் முத்திரையோடு.

இடமும் முத்திரையும் வேண்டுமென்றால் இந்த வட்டாரத்தில் கோயில்தான். சாலையோரத்து அம்மன் கோயிலுக்குப் பெரிய மண்டபம் இருக்கிறது. தலைவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர், நல்லவர், எனக்கு மைலோ போட்டுக் கொடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். பிரஷர் பார்க்கலாம், எடை பார்க்கலாம், பேச்சு நடத்தலாம் என்றார். "ஆனா ரத்தம் எடுக்கக் கூடாதும்மா."

"விரல் நுனியில ஒரு சொட்டுங்கய்யா."

"சொட்டோ கொடமோ, ரத்தம் ரத்தம்தான். கோயில் எல்லைக்குள்ள சிந்தக் கூடாது."

"தைப்பூசத்துக்கு அலகு குத்துறாங்களே?"

"அதுல ரத்தம் வராது. அது பக்தி."

மைலோவைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். செயலவைக் கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். இரண்டு கூட்டம் போனது. இதற்கிடையில் கோவிந்தன் வீட்டுக்கு மேலும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பாதிக் கதவு, "இல்லைங்க".

இடம் கடைசியில் வேறு ஆளிடமிருந்து கிடைத்தது. கோயிலுக்கு எதிர்வரிசையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் சீனி முகம்மது. தொண்டிக்காரர். நான் மானாமதுரை என்று தெரிந்த நாளிலிருந்து 'நம்ம ஜில்லா' என்று ரொட்டிக்குக் கூடுதலாகக் குழம்பு ஊற்றுகிறவர். அன்று நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தேநீர் ஆற்றும் மேசையைக் காட்டினார்.

"தங்கச்சி, இருபத்தஞ்சு வருசமா இந்த மேசையில நின்னு சீனியும் கட்டிப்பாலும் ஊத்தி ஊத்தி, இந்த வட்டாரத்துக்கே வியாதி வர வச்சவன் நான்தான். வேற எங்கயும் போக வேணாம். இங்க வச்சே குத்துங்க."

"முத்திரை வேணுமேண்ணே."

"கடை முத்திரை இருக்கு. ரெண்டு தடவ குத்தித் தர்றேன்."

6

அந்தச் சனிக்கிழமை கடையின் முன்னால், அஞ்சடி என்று இங்கே சொல்லும் கூரை போட்ட நடைபாதையில் இரண்டு மேசைகள் போட்டோம். மிஸ்ஸி ரொஸ்னாவும் ஒரு இளம் தாதியும் வந்தார்கள். வெறும் வயிற்றோடு வந்தால் சோதித்த பிறகு ஒரு சீனியில்லாத தேநீரும் ஒரு தோசையும் என்று சீனி அண்ணன் அறிவித்திருந்தார். பத்துப் பேர் வந்தால் போதும் என்று நினைத்தேன். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். கோயில் தலைவர்கூட வந்து, யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து விரலை நீட்டினார்.

ஏழே முக்காலுக்குக் கோவிந்தன் வந்தார். சோதனைக்கு என்று வரவில்லை. ரொட்டி வாங்க வந்தவர் என்னைப் பார்த்துத் திரும்பப் போனார். சீனி அண்ணன் அவர் தோளில் கையைப் போட்டு உட்கார வைத்துவிட்டார். "நீ உக்காரு. ரொட்டி சூடா வரட்டும். அதுக்குள்ள வெரல நீட்டு."

கருவி எண்ணைக் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறிவிட்டால் அது வெறும் எழுத்தைத்தான் காட்டும். மிஸ்ஸி ரொஸ்னா முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து, யாரிடமும் கேட்காமல் அவருடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். கோவிந்தன் தடுக்கவில்லை. ஒரு மலாய்க்காரப் பெண் தன் காலருகே தரையில் உட்கார்ந்ததில் அவர் திகைத்துப் போயிருந்தார் என்று நினைக்கிறேன். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்து, பாதத்தின் பக்கம் முழுக்கச் சீழ்.

ரொட்டி வந்தது. யாரும் சாப்பிடவில்லை.

அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். என் வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுபோனார். பின்னிருக்கையில் கோவிந்தனின் மனைவி பிளாஸ்டிக் பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு வந்தார். முதலில் விரல்களை எடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து நோய்த்தொற்று மேலே ஏறிவிட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். சொன்ன டாக்டர் மலாயில் சொன்னார். கோவிந்தனுக்கு அதில் ஒரு சொல் மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது. போத்தோங். வெட்டு. முப்பது வருடம் தோட்டத்தில் குலைக்கு அவர் பயன்படுத்திய அதே சொல். என் பக்கம் திரும்பி, "எதைம்மா போத்தோங் பண்றாங்க?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். மொழிபெயர்க்க நான்தான் அங்கே இருந்தேன்.

7

மறுமாதச் சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் இரண்டு.

பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்தது. சாப்பாட்டுக்கடையில் விரலைக் குத்தினார்கள், ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். இடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. சந்தையில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நான் போய்ப் பார்த்தபோது கோவிந்தன் சக்கர நாற்காலியில் இருந்தார். சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிக்கிட்டிருந்தேன். நீ வந்து வந்து நின்ன. இப்ப என்னாச்சு பாத்தியா? நீ வராம இருந்திருந்தா நான் நடந்துக்கிட்டிருப்பேன்."

இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அவரே இருந்திருக்க மாட்டார். இதை ஒருவருடைய முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? மனைவி உள்ளே ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

எனக்குச் சலித்துவிட்டது. பள்ளியில் முப்பது குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, சாயங்காலம் வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்க எனக்கு வயது இல்லை. அந்த வாரம் வீட்டுக்கு வந்த நித்யாவும் அதைத்தான் சொன்னாள். "வை ஆர் யூ டூயிங் திஸ், மா? யாரும் உங்கள நர்ஸ்னு கூட சொல்லல." அவள் குரூரமாகச் சொல்லவில்லை, அக்கறையில் சொன்னாள். அதனால்தான் வலித்தது.

அன்று அப்பாவை நினைத்தேன். நான்கு ஊருக்கு மாத்திரை கொடுத்தவள் நான். என் கையால் அவர் ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதில்லை. "நான் பெத்த புள்ள, நீ எனக்கு வைத்தியம் பாப்பியா?" என்பார். இங்கே வந்த நான்காம் வருடம் அவர் விழுந்தார். என் பாஸ்போர்ட் அப்போது விசா புதுப்பிக்க ஓர் அலுவலகத்து அலமாரியில் இருந்தது. அது கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் மிஸ்ஸி ரொஸ்னாவின் மேசையில் வைத்தேன். பனியனையும் துவைத்து மடித்து வைத்தேன். அவருக்கும் அடுத்த வருடம் ஓய்வாம். முட்டிக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். "நானும் களைத்துவிட்டேன்" என்று மலாயில் சொன்னார். பிறகு, "மூன்றாவது சனிக்கிழமை நான் மட்டும் போகிறேன். முத்திரை குத்திய கடிதம் வருடக் கடைசி வரைக்கும் இருக்கிறது" என்றார்.

8

அந்த மூன்றாவது சனிக்கிழமை நான் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்குச் சீனி அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு அம்மா வந்து உக்காந்திருக்கு. மிஸ்ஸி கூப்பிட்டா வரமாட்டேங்குது. அந்த இந்தியாக்கார அம்மா வந்தாத்தான் கை நீட்டுவேன்னு சொல்லுது."

"யாருண்ணே?"

"கோவிந்தன் வூட்டுக்காரம்மா."

திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போகாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். பிறகு போனேன்.

அஞ்சடியில் வேறு யாருமில்லை. அவர் நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் பாதிக் கதவுக்குப் பின்னால் பார்த்த முகத்தை நான் நின்று கவனித்தது அதுதான் முதல்முறை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார்.

"ஒண்ணும் சாப்புடாம வந்திருக்கேன்" என்றார். "பக்கத்து வீட்டுப் பொண்ணு மோட்டார்ல கொண்டாந்து விட்டுச்சு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா ஏசுவாரு." கைப்பையின் வாரைத் திருகினார். "ராத்திரி நாலஞ்சு தடவ எழுந்திரிக்கிறேன். தண்ணி தாகமா இருக்கு. பார்வை மங்குது. அவருக்குப் புண்ணு கழுவுறது, மாத்திரை எடுத்துக் குடுக்குறது, தூக்கி உக்கார வைக்கிறது எல்லாம் நான்தான். நான் விழுந்தா அவர யாரு தூக்குவா?"

மிஸ்ஸி ரொஸ்னா விரலைத் துடைத்தார். குத்தும்போது அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எண் வந்தது. நல்ல எண் இல்லை. ஆனால் எண் என்று ஒன்று வந்தது.

"என் காலும் போயிடுமா?"

"போகாதுக்கா. புண் எதுவும் இல்ல. மாத்திரை எடுத்து, மாசாமாசம் பாத்தா போகாது."

"சத்தியமா?"

நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கிற நிலையில் இல்லை. "நீங்க வந்தீங்கன்னா நான் கூட இருப்பேன்" என்றேன். அதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

மிஸ்ஸி ரொஸ்னா அவருடைய அடையாள அட்டையை வாங்கிக் கிளினிக் பதிவில் தேடச் சொல்லித் தொலைபேசியில் பேசினார். கடைசிப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்ததற்கப்புறம் அவர் பெயரில் எதுவும் இல்லை. முப்பது வருடம்.

"எங்க லயத்துல இன்னும் அஞ்சாறு பொம்பளைங்க இருக்கோம்" என்றார் அவர். "எங்க லயத்துக்கு ஆம்பளைங்கள மட்டும்தான் தேடி வந்தீங்க. எங்கள யாரும் கேக்கல."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. கிளினிக் கொடுத்தது, ஒருமுறையாவது வந்து பிறகு வராமல் போனவர்களின் பட்டியல். எப்போதுமே வராதவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். ஊரில் நாங்கள் நோயாளியிலிருந்து தொடங்கியதில்லை. முதலில் வீடுகளை எண்ணுவோம். அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்ட பிறகுதான் மருந்துப் பையைத் திறப்போம். அது என் சொந்தத் தொழில். ஒரு தாளை நீட்டியதும் அதை மறந்துவிட்டு, தாளில் இருந்த பெயருக்காக ஐந்து முறை ஒரே கதவைத் தட்டியிருக்கிறேன். ஐந்து முறையும் அந்தக் கதவில் நின்றவரிடம் அவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சீனி அண்ணனிடம் ஒரு தாள் கேட்டேன். கடையின் பில் புத்தகத்திலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"பேரு சொல்லுங்கக்கா. வரிசையா, முதல் வீட்லேர்ந்து."

"முதல் வீட்ல ராக்கம்மா. அதுக்குக் கண்ணே தெரியல. ரெண்டாவது வீட்ல யாரும் இல்ல. மூணாவது..." விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். நான் எழுதினேன். ஐந்தாவது வீடு வந்ததும் நிறுத்தினார். அது அவர்களுடைய வீடு. கோவிந்தன் என்று எழுதப் போனேன்.

"அவரத்தான் ஏற்கெனவே எழுதியாச்சே" என்றார். "அஞ்சலைன்னு போடுங்க."